கேன்சருக்கு ஆயின்மென்ட்டா?

“கேன்சர்ங்கிற. அப்புறம் ஆயின்மென்ட் தடவிக்கிறேங்கிற. எதையாவது மறைக்கிறியாடி?”

இங்கே வெஸ்ட்கேட்டில் இரவு ஒன்பது மணி, திருச்சியில் மதியம் ஒன்றரை. வீடியோ காலில் அம்மாவின் நெற்றியும் மூக்கும் மட்டும்தான் தெரிந்தன. ஃபோனை அவ்வளவு பக்கத்தில் பிடித்திருந்தாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. பயாப்ஸி ரிப்போர்ட் வந்த அன்று நானும் தோல் டாக்டரிடம் கிட்டத்தட்ட அதையேதான் கேட்டேன். ரிப்போர்ட்டில் ‘லிம்ஃபோமா’ என்று இருக்கிறது. நீங்கள் எழுதித் தருவதோ ஒரு டியூப் கிரீம். முடி கொட்டாதா? ஆபீஸில் எத்தனை மாதம் லீவு சொல்ல வேண்டும்?

லீவு தேவையில்லை என்றார். எனக்கு நிம்மதி வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. இந்த நாட்டில் எதற்கெடுத்தாலும் பாரசிட்டமால் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள் என்று நம்ம ஆட்கள் ஒவ்வொரு பார்ட்டியிலும் பேசிக்கொள்வோமே, அந்தக் கணக்கில்தான் இதையும் சேர்த்தேன். ஊருக்குப் போய் பெரிய ஆஸ்பத்திரியில் ‘முழுசா’ வைத்தியம் பார்த்துவிட்டு வரலாமா என்று நானும் கணவரும் டிக்கெட் விலைகூடப் பார்த்தோம். போகவில்லை. ஏன் போகவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் நோயின் பெயர். மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ். சருமத்தில் வரும் டி அணு லிம்ஃபோமாக்களில் அதிகம் காணப்படுவது இதுதான். அதிகம் என்றாலும் அபூர்வ நோய்தான். அமெரிக்கக் கணக்குப்படி பத்து லட்சம் பேரில் வருடத்துக்கு ஐந்தாறு பேர். பெயரில் ஃபங்கஸ் இருக்கிறதே தவிர நோயில் ஃபங்கஸ் இல்லை. பிரெஞ்சுத் தோல் மருத்துவர் அலிபெர் 1806-இல் இதை முதலில் விவரித்தார். முற்றிய நிலையில் தோலில் வந்த கட்டிகள் காளான் மாதிரி தெரிந்ததால் அந்தப் பெயர் வைத்தார். அது இருநூறு வருடமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அம்மா பெயரைக் கேட்டதும், “அட, படைதானே, அதுக்கு இங்கயே நல்ல மருந்து இருக்கே” என்றாள். எங்கள் தொழிலில் வேரியபிளுக்குத் தப்பாகப் பெயர் வைத்தால் யாராவது கோட் ரிவ்யூவில் திட்டுவார்கள். மருத்துவத்தில் அப்படி யாரும் இல்லை போலிருக்கிறது.

உள்ளே நடப்பது இதுதான். நம் உடம்பின் காவல் வேலை பார்க்கும் வெள்ளை அணுக்களில் டி அணுக்கள் ஒரு வகை. அவற்றில் சில தோலிலேயே தங்கி வேலை பார்க்கும். அப்படி ஒரு டி அணு நிறுத்தாமல் தன்னையே நகலெடுக்க ஆரம்பித்துவிடுகிறது. ஆரம்ப நிலையில் அந்த நகல்கள் தோலின் மேல் அடுக்குக்குள்ளும் அதை ஒட்டியும்தான் உட்கார்ந்திருக்கும். நிணநீர்க் கட்டிகளிலோ ரத்தத்திலோ பொதுவாக இருக்காது. வெளியே தெரிவது ஒரு தடம், அவ்வளவுதான்: லேசாகச் செதில் உரியும், சில சமயம் அரிக்கும், சில சமயம் அதுவும் இருக்காது.

புத்தகங்களில் அதைச் சிவப்புத் தடம் என்று எழுதியிருப்பார்கள். வெள்ளைத் தோலில் சிவப்புதான். நம்மைப் போன்ற மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அது பல சமயம் வெளிறிய திட்டாக வரும். இந்த வெளிர் வகை கறுத்த தோல்காரர்களிடமும், இளம் வயதினரிடமும், குழந்தைகளிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது. வெளிறிய திட்டைப் பார்த்தால் நம் வீட்டில் என்ன சொல்வார்கள்? தேமல். கொஞ்சம் பெரிசானால் குரலைத் தாழ்த்திக்கொண்டு, வெண்புள்ளியோ? அதைவிடத் தாழ்ந்த குரலில், தொழுநோயோ? வெண்புள்ளியில் நிறம் முழுசாகப் போய்ச் சுண்ணாம்பு மாதிரி இருக்கும், செதில் இருக்காது. தொழுநோய்த் தடத்தில் தொடு உணர்ச்சி குறையும். இதில் நிறம் பாதிதான் போயிருக்கும், உணர்ச்சி இருக்கும். இவ்வளவும் டாக்டர் என் தடத்தைப் பஞ்சால் தொட்டுப் பார்த்துக்கொண்டே சொன்னது. நீங்களே வீட்டில் பஞ்சை எடுத்துக்கொண்டு தீர்ப்பு சொல்ல வேண்டாம். பயாப்ஸி இல்லாமல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு, அதுதான் நம்ம குடும்பங்களில் பெரிய தடை. இந்த நோய் வெயில் படாத இடத்தைத்தான் விரும்பும். இடுப்பு, பின்புறம், மார்பு, உள்தொடை. நீச்சலுடை மூடுகிற பகுதி என்று ஆங்கிலப் புத்தகங்கள் சொல்கின்றன. பாவாடை நாடா கட்டுகிற இடமும் அதற்குக் கீழேயும் என்று நாம் வைத்துக்கொள்ளலாம். எனக்கு முதல் திட்டு வந்தது இடது இடுப்புக்குக் கீழே. சென்னையில் வேலை பார்த்த காலம். டாக்டரிடம் போனபோது இடுப்பு ஓரத்தை மட்டும் காட்டினேன், மீதியைச் சொல்லக்கூட இல்லை. அவரும் கேட்கவில்லை. எழுதிக்கொடுத்த கிரீம் தீர்ந்த பிறகு மருந்துக்கடையில் நானே கேட்டு வாங்கினேன்: ஸ்டீராய்டு, ஃபங்கஸ் மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றும் கலந்த டியூப். தடவினால் மங்கும், விட்டால் வரும். நியூசிலாந்துக்கு வந்த பிறகும் ஊரிலிருந்து யார் வந்தாலும் புளி, சாம்பார்ப் பொடியோடு ரெண்டு டியூப் வரும். இங்கே ஜிபி பார்த்து எக்ஸிமா என்றார். நாலு வருடம் ஓடிவிட்டது.

எனக்கு மட்டும் நேர்ந்த துரதிர்ஷ்டம் இல்லை இது. 15 நாடுகளின் சிறப்பு மையங்கள் சேர்ந்து ஆரம்ப நிலை நோயாளிகளைப் பதிவு செய்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் அறிகுறிக்கும் நோய் உறுதியாவதற்கும் நடுவில் பாதிப் பேருக்கு 36 மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. நல்ல டாக்டர்களும் முதல் பார்வையில் தவறவிடுகிற நோய். மைக்ராஸ்கோப்பிலும் ஆரம்பத்தில் எக்ஸிமா மாதிரியே தெரியும்; இரண்டு மூன்று தடவை பயாப்ஸி எடுப்பது சாதாரணம். அதனால் “இந்த டாக்டர் கண்டுபிடிச்சிட்டார், அந்த டாக்டர் ஏமாத்திட்டார்” என்கிற கதையில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அந்த மூணு மருந்து டியூப் மேல் கோபம் உண்டு. ஸ்டீராய்டு தடவினால் தோலில் கூடியிருக்கும் டி அணுக்கள் தற்காலிகமாகக் கலைந்துவிடும். அந்த நேரத்தில் சதை எடுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. என் முதல் பயாப்ஸி அப்படித்தான் வீணானது. இரண்டாவது முறை, கிரீம் எதுவும் தொடக்கூடாது என்று சில வாரம் நிறுத்தச் சொல்லி, அதற்குப் பிறகு இரண்டு இடத்தில் எடுத்தார்கள்.

இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் ஸ்டீராய்டு கிரீம்களின் தவறான பயன்பாட்டுக்கு எதிராகத் தனிக் குழுவே வைத்துப் பல வருடமாகப் பேசுகிறது. 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு கிரீம்களை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்துவிட்டது. பக்கத்து மருந்துக்கடை அண்ணன் முகம் தெரிந்தவர்களுக்குக் கொடுக்காமல் இருப்பாரா என்பது வேறு விஷயம்.

சரி, அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். கேன்சருக்கு ஆயின்மென்ட் எப்படிப் போதும்?

நோய் எங்கே இருக்கிறதோ அங்கே மருந்து போனால் போதும் என்பதுதான் அடிப்படை. தடம் உடம்புத் தோலில் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்து, நிணநீர்க் கட்டியோ ரத்தமோ உள்ளுறுப்போ பாதிக்கப்படாமல் இருந்தால் அது நிலை 1ஏ. 10 அல்லது அதற்கு மேல் போனால் 1பி. அளக்க எளிய வழி, நோயாளியின் சொந்தக் கை: விரல்களோடு சேர்த்து உள்ளங்கை ஏறக்குறைய ஒரு சதவீதம். என் தடங்கள் எல்லாம் சேர்த்து ஆறு கை வந்தது.

“இப்பவே கீமோ குடுத்து வேரோட பிடுங்கிடலாமே” என்பது எல்லாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. அதை ஏற்கெனவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் இந்த நோய் உள்ள 103 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு ஆரம்பத்திலேயே உடம்பு முழுக்க எலக்ட்ரான் கதிர்வீச்சும் கீமோதெரபியும். மறு பாதிக்கு மேல்பூச்சில் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் படிப்படியாக அடுத்தது. 1989-இல் முடிவு வெளியானது. கடுமையான வைத்தியத்தில் தோல் முழுசாகத் தெளிந்தவர்கள் 38 சதவீதம், மென்மையானதில் 18. இதோடு நிறுத்தினால் கீமோதான் வென்றது. ஆனால் ஆறு வருடத்துக்கு மேல் கவனித்துப் பார்த்தபோது, உயிரோடு இருந்த காலத்திலும் நோய் இல்லாமல் இருந்த காலத்திலும் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. பக்கவிளைவு மட்டும் ஒரு பக்கம் அதிகம். இதைப் படித்த ராத்திரிதான் டிக்கெட் விலை பார்த்த பக்கத்தை மூடினேன்.

1996-இல் ஸ்டான்ஃபோர்ட் மருத்துவர்கள் 1ஏ நிலையில் இருந்த 122 பேரின் நீண்டகாலக் கணக்கை வெளியிட்டார்கள். அவர்களின் ஆயுள், அதே வயதுள்ள மற்றவர்களின் ஆயுளை ஒத்திருந்தது. அடுத்த நிலைக்கு நோய் நகர்ந்தது 9 சதவீதம் பேருக்கு. ஒன்பது என்பது பூஜ்யம் இல்லை. அதனால்தான் வருடா வருடம் முழு உடம்பையும் காட்ட வேண்டியிருக்கிறது.

இனி மருந்துகள். முதல் வரிசையில் நிற்பது அதே ஸ்டீராய்டுதான். ஊர் டியூபில் ஒளிந்திருந்து நோயை மறைத்த அதே ஜாதி, இங்கே சரியான வீரியத்தில், சரியான இடத்தில், கணக்கோடு. குளோபீட்டசால் போன்ற வீரியம் கூடிய வகை. 1998-இல் ஸக்ஹைம் குழு 79 பேரிடம் பார்த்ததில், தடம் குறைவாக இருந்தவர்களில் 94 சதவீதம் பேருக்குப் பலன் தெரிந்தது, 63 சதவீதம் பேருக்குத் தடம் முழுசாக மறைந்தது. தடம் 10 சதவீதத்தைத் தாண்டியவர்களில் முழுசாக மறைந்தது 25 சதவீதம் பேருக்குத்தான். நிறுத்தினால் பலருக்குத் திரும்பி வருகிறது. தோல் மெலியும், அதிலும் மடிப்புகளில் சீக்கிரம் மெலியும். “நல்லாத்தான் இருக்கு, இன்னும் கொஞ்சம் சேர்த்துத் தடவுவோம்” என்கிற நம்ம வழக்கம் இங்கே உதவாது.

அடுத்தது மெக்லோரெத்தமின். இதன் பூர்வீகம் விசித்திரமானது. முதல் உலகப்போரில் பயன்பட்ட மஸ்டர்ட் வாயுவின் உறவுக்காரன். இரண்டாம் உலகப்போர் நேரத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் கில்மனும் குட்மனும் இந்த வகை ரசாயனங்கள் வெள்ளை அணுக்களைக் குறைப்பதைப் பார்த்து, 1942-இல் லிம்ஃபோமா நோயாளிக்கு ரகசியமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்த வருடம் டிசம்பர் 2 அன்று இத்தாலியின் பாரி துறைமுகத்தில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டபோது, மஸ்டர்ட் குண்டுகளை ரகசியமாக ஏற்றி வந்த அமெரிக்கக் கப்பல் ஒன்று வெடித்தது. இறந்தவர்களின் உடலிலும் வெள்ளை அணுக்கள் அழிந்திருந்தன. நியூசிலாந்து ராணுவத்தின் 3-ஆவது பொது மருத்துவமனை அப்போது பாரியில்தான் இருந்தது. ஆளைக் கொன்ற அந்தக் குடும்பத்திலிருந்து நவீன கீமோதெரபி பிறந்தது. 1950-களின் கடைசியில் அதையே தோலில் பூச ஆரம்பித்தார்கள். முன்பெல்லாம் மருந்தகத்தில் கலந்து கொடுப்பார்கள். ஜெல் வடிவத்துக்கு அமெரிக்கா 2013-இல் அனுமதி தந்தது. அதற்கு முந்தைய சோதனையில் 260 பேர் இருந்தார்கள். ஜெல் பூசியவர்களில் 58.5 சதவீதம் பேருக்குப் பலன். தோல் எரிச்சலால் விலகியவர்களும் ஐந்தில் ஒருவர் உண்டு.

உங்கள் நாட்டில் இந்த ஜெல்லை எழுதிக்கொடுத்தால் வீட்டு நடைமுறை கொஞ்சம் மாறும். ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும், ஆனால் இட்லி மாவுக்குப் பக்கத்தில் இல்லை. மூடி போட்ட தனி டப்பாவில், சாப்பாட்டுச் சாமானிலிருந்து தள்ளி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல். குளித்த பிறகு என்றால் அரை மணி கழித்து, குளிப்பதற்கு முன் என்றால் நாலு மணி முன்னதாக, நன்கு காய்ந்த தோலில் மெல்லிசாகப் பூச வேண்டும். துணி போடுவதற்கு முன் ஐந்து பத்து நிமிடம் காய விட வேண்டும். காயும்வரை அடுப்பு, விளக்குப் பக்கம் போகக்கூடாது, எளிதில் தீப்பிடிக்கும். முதுகில் எட்டாத இடத்துக்கு வீட்டுக்காரர் பூசிவிட்டால் அவர் நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த ஜெல்லுக்கும், வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த பெக்ஸரோட்டீன் ஜெல்லுக்கும் அது பொருந்தும். எந்த மருந்து எந்த நாட்டில் கிடைக்கும், யார் காசு கொடுப்பார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறும். இங்கே எதற்கு அரசு பணம் தரும் என்பதை ஃபார்மாக் என்கிற அமைப்பு முடிவு செய்கிறது.

மூன்றாவது வெளிச்சம். எனக்கு நடப்பது இதுதான், ஸ்டீராய்டோடு சேர்த்து. 311 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய புற ஊதாக் கதிர், நேரோபேண்ட் யூவிபி. டெலிஃபோன் பூத் மாதிரி ஒரு கூண்டு, சுற்றிலும் நீள விளக்குகள், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. வாரத்துக்கு மூன்று நாள். முதல் நாள் சில வினாடிதான். அதற்காக வடமேற்கு மோட்டார்வேயில் காலை நெரிசலில் முக்கால் மணி நேரம். ஆடையைக் கழற்றி மாட்டும் நேரத்துக்குள் வைத்தியம் முடிந்திருக்கும். மாதக்கணக்கில் இப்படி. மென்தடங்களுக்கு, அதிலும் நம்முடைய வெளிர் வகைக்கு, இது நன்றாகக் கேட்கும். பல ஆய்வுகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தடம் முழுசாக மறைந்திருக்கிறது. வெளிறிய இடத்தில் நிறம் திரும்புவது ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்று வரும். மாதம் ஒரு முறை அதே இடத்தில், அதே விளக்கின் கீழே என் கணவர் ஃபோட்டோ எடுக்கிறார். முதல் இரண்டு மாதம் எந்த மாற்றமும் தெரியவில்லை, மூன்றாவதில் தெரிந்தது.

தடம் தடிமனாக இருந்தால் சொராலன் என்ற மருந்தோடு யூவிஏ கொடுப்பார்கள், இன்னும் ஆழம் போகும். இந்தச் சொராலன் நம்ம நாட்டு மருந்துக்கடையில் கார்போகரிசி என்று கிடைக்கிற விதையிலும் இருக்கிறது. இதைச் சொன்னதும் அம்மா, “அப்போ அதையே அரைச்சுப் போட்டுட்டு வெயில்ல நில்லேன்” என்றாள். வேண்டாம். அளவு தெரியாத சொராலனும் நியூசிலாந்து வெயிலும் சேர்ந்தால் கொப்புளம்தான். மெலனோமா உலகிலேயே மிக அதிகமாக வருகிற நாடுகளில் இது ஒன்று. என் ஆறு வயது மகள் பள்ளியில் தொப்பி இல்லாமல் வெளியே விளையாட விட மாட்டார்கள். “நீ மட்டும் ஏம்மா லைட்டுக்குள்ள போற?” என்று கேட்கிறாள். அந்த லைட்டை ஒரு நர்ஸ் எண்ணி எண்ணித் தருகிறார், அங்கே இருக்கிற சூரியனை யாரும் எண்ணுவதில்லை என்று சொல்லியிருக்கிறேன். பாதி ஒப்புக்கொண்டாள்.

மேல்பூச்சு போதாத இடங்களும் உண்டு. முடிக்கால்களைச் சுற்றி ஆழமாக இறங்கும் ஒரு வகை இருக்கிறது. அங்கே கிரீமும் யூவிபியும் சரியாக எட்டாது. தடம் கட்டியாக எழும்பினாலோ, புண்ணானாலோ, உடம்பு முழுக்கச் சிவந்தாலோ, கழுத்திலும் அக்குளிலும் கட்டி தட்டுப்பட்டாலோ கணக்கே வேறு. அப்போது கதிர்வீச்சு, மாத்திரை, ஊசி எல்லாம் பேச்சுக்கு வரும். எனக்கு அவை இல்லை என்று பார்த்த பிறகுதான் டியூபை எழுதினார்கள்.

இதையெல்லாம் நான் படித்தது பெரும்பாலும் வெஸ்ட்கேட் தெ மனாவா நூலகத்தில், சனிக்கிழமைகளில், மகள் கதைப் புத்தகங்களை இறைத்துக்கொண்டிருக்கும்போது. தொடங்கியது டெர்ம்நெட்டில். உலகம் முழுக்க டாக்டர்களே திறந்து பார்க்கிற அந்தத் தோல் நோய்த் தளம் 1996-இல் நியூசிலாந்துத் தோல் மருத்துவர்கள் தொடங்கியது. ஹாமில்டனில் இருக்கும் அமாண்டா ஓக்லி அதைப் பல வருடம் கட்டி வளர்த்தவர். நம் நிறத் தோலில் இந்த நோய் எப்படி இருக்கும் என்கிற படத்தை நான் முதலில் பார்த்தது அங்கேதான். பார்த்ததும் சட்டையைத் தூக்கிக் கண்ணாடி முன்னால் நின்றேன்.

வீட்டில் கேட்கப்பட்ட மீதிக் கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஒட்டாது. ஒரே சோப்பு, ஒரே துண்டு, பிள்ளையோடு ஒரே படுக்கை, எதற்கும் தடையில்லை. கத்தரிக்காய், கருவாடு சாப்பிட்டதால் வரவில்லை. பொதுவாகப் பரம்பரையாக வருவதில்லை. தங்கச்சி கல்யாணப் பேச்சு நடக்கும்போது யாரிடமும் மூச்சு விடாதே என்று பெரியம்மா சொன்னதற்கு எந்த அவசியமும் இல்லை. முழுசாகக் குணமாகுமா என்றால், மறையும், திரும்ப வரலாம், திரும்ப மறைக்கலாம். சர்க்கரை, பிரஷர் மாதிரி கூடவே வைத்துக்கொண்டு வாழ்கிற கணக்கு என்று என் டாக்டர் சொன்னார். அந்த உவமை அம்மாவுக்கு மட்டும் உடனே புரிந்தது. அவளுக்கு இரண்டும் இருக்கிறது.

டிசம்பரில் அம்மா இங்கே வருகிறாள். என்ன கொண்டுவரணும் என்று லிஸ்ட் கேட்டாள். பருப்புப் பொடி, வடகம், பாப்பாவுக்குப் பட்டுப்பாவாடை என்று சொன்னேன். கொஞ்சம் இருந்துவிட்டு, “உன் முதுகைக் காட்டு” என்றாள். ஃபோனைத் திருப்பி, இடுப்புவரை காட்டினேன். நாலு வருடத்தில் முதல் தடவை.